அளவுகோலும் கண்ணோட்டமும்

ஒரு குழந்தைக்கு எவ்வளவு பார்வை உண்டு என்பதை அளந்து கூறுவது விஞ்ஞானத்தின் பணி. அந்த அளவைப் பெற்றுக்கொண்ட பின்னர் அக்குழந்தைக்கு என்ன செய்வது என்று தீர்மானிப்பது சமுதாயத்தின் பணி. இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று விட்டு நெடுந்தூரம் விலகி நிற்கும் காலத்தில் நாம் வாழ்ந்துகொண்டிருக்கின்றோம். பேச்சு வராத பச்சிளங் குழந்தையின் பார்வையைக்கூடக் கணினியின் துணைகொண்டு சில நிமிடங்களில் மதிப்பிடலாம் என்னும் நிலைக்கு முதற்பணி வளர்ந்துவிட்டது. இரண்டாவது பணியோ, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை முதல் வாங்குக்கு அழைப்பதற்கும் தயங்கி நிற்கின்றது. ஆகவே ஒரு கேள்வி எழுகின்றது. அறிதல் கடமையைப் பிறப்பிக்கின்றதா? ஒரு குறையை அளந்து அறிந்தவர், அளந்த காரணத்தாலேயே அதற்குப் பொறுப்பாளி ஆகின்றாரா?

இக்கேள்வியை நூல்களுக்குள் மட்டும் வைத்து ஆராய்வதிற் பயனில்லை. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் நமது கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி அமைந்த ஊர்கள். வீடும் வீடும் முட்டிக்கொள்ளும் இவ்வூர்களின் வகுப்பறைகளும் நெருக்கமானவையே. இவ்வகுப்பறைகளைச் சார்ந்த பார்வை குறைந்த பிள்ளைகள் இரு வேறு வழிகளில் தொலைந்துபோகின்றனர்.

முதலாம் வகையினர் 'மந்தம்' என்று பெயர் சூட்டப்பட்டோர். கரும்பலகையில் உள்ளதை இப்பிள்ளைகள் எழுதுவதில்லை. எழுதினாலும் பிழைபட எழுதுகின்றனர். தமிழ் எழுத்தின் இயல்பை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். 'க' என்பதற்கும் 'க்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளி. 'எ' என்பதற்கும் 'ஏ' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு கோடு. 'ன' என்பதற்கும் 'ண' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழி. புள்ளியே கண்ணுக்கு எட்டாத பிள்ளைக்கு மெய்யெழுத்தின் இலக்கணத்தை எத்தனை முறை விளக்கினாலும் என்ன பயன்? கொப்பியிற் படிந்த சிவப்பு மை அதனை எழுத்துப் பிழை என்றே தீர்ப்பிடுகின்றது. கண்ணின் குறை அறிவின் குறையாகப் பதிவாகிவிடுகின்றது. சில ஆண்டுகளில் அப்பிள்ளையும் அதனை நம்பத் தொடங்கிவிடுகின்றது. கொடுமையின் உச்சம் அதுவே.

இரண்டாம் வகையினர் 'குருடு' என்று பெயர் சூட்டப்பட்டோர். பார்வையற்றோர் என ஊரார் அழைப்போரிற் பலருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருப்பதுண்டு. சிலருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். சிலருக்கு உருவங்கள் தெரியும். சிலருக்குப் பெரிய எழுத்துக்கள்கூடத் தெரியும். ஆயினும் 'குருடு' என்ற ஒரு சொல் இவ்வேறுபாடுகள் யாவற்றையும் விழுங்கிவிடுகின்றது. உம்மா சோறூட்டுகின்றார், வாப்பா கைபிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்கின்றார், அன்புக்குக் குறைவில்லை. ஆனால் பாடசாலையின் வாயில் அப்பிள்ளைக்குத் திறப்பதில்லை. பெண்பிள்ளையாயின் குறையை வெளியிற் சொல்வதற்கே குடும்பம் அஞ்சுகின்றது.

பார்க்கத் தெரியாத பிள்ளையை அறியத் தெரியாத பிள்ளையென்று தண்டிப்பது ஒரு தவறு. ஓரளவு பார்க்கும் பிள்ளையை ஒன்றுமே பார்க்காத பிள்ளையென்று ஒதுக்குவது மற்றொரு தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: அளக்காமலே தீர்ப்பளித்தல்.

அளவுகோல் மனிதகுலத்திடம் நெடுங்காலமாகவே உண்டு. 1862ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தின் யூட்ரெக்ட் நகரத்துக் கண் வைத்தியர் ஹேர்மன் ஸ்நெலன் எழுத்து அட்டையை வெளியிட்டார். இன்றும் வைத்தியசாலைச் சுவர்களில் தொங்குவது அதன் வழிவந்த அட்டையே. நமது நாட்டுப் பாடசாலை வைத்தியப் பரிசோதனையிலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆறு மீற்றர் தூரத்தில் பிள்ளையை நிறுத்தி அதனையே வாசிக்கச் செய்கின்றார். அது நல்ல கருவி, மலிவான கருவி, எண்ணற்ற கண்களைக் காத்த கருவி. எனினும் அது குழந்தையிடம் சிலவற்றைக் கேட்கின்றது. குழந்தை நிற்கவேண்டும், எழுத்தையோ அதன் திசையையோ அறிந்திருக்கவேண்டும், வாயாலோ கையாலோ விடை கூறவேண்டும், அந்நியர் முன்னிலையிற் கூச்சப்படாதிருக்கவேண்டும். கைக்குழந்தையும், பேச்சு வராத பிள்ளையும், மூளைப் பாதிப்பினால் உடலை அடக்க இயலாத பிள்ளையும் இத்தேர்வில் அமரவே முடியாது. பாடசாலைக்கு அனுப்பப்படாத பிள்ளையை இப்பரிசோதனை எட்டுவதுமில்லை. மிகுதியான உதவி தேவைப்பட்டோர்தாம் அளவுகோலுக்கு வெளியே நின்றனர்.

இத்தடையை உடைத்த எண்ணம் மிக எளியது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் றொபேட் ஃபான்ற்ஸ், வெறும் பரப்பைவிடக் கோலமுள்ள பரப்பையே குழந்தைகள் கூடுதலாக நோக்குவர் என்று காட்டினார். சியாற்றில் நகரில் டவீடா ரெல்லர் 1970களில் இதனை அளவை முறையாக வளர்த்தார். ஒரு பக்கம் வரிக்கோடுகள். மறுபக்கம் அதே வெளிச்சமுடைய சாம்பல் நிறம். கோடுகள் கண்ணுக்குத் தெரியுமாயின் குழந்தை அப்பக்கம் திரும்பும். கோடுகளை மேலும் மேலும் நுண்ணியவையாக்கிச் சென்றால், எவ்விடத்தில் குழந்தைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுகின்றதோ அவ்விடமே அதன் பார்வையின் எல்லை. குழந்தை எதுவும் சொல்லவேண்டியதில்லை; அதன் நோக்கே சாட்சி.

கணினி இவ்வெண்ணத்துக்குத் துணையாக வந்தது. திரைக்கு அருகில் வைத்த கருவி, கண்ணுக்குத் தீங்கற்ற அகச்சிவப்பு ஒளியைக் குழந்தையின் முகத்தில் வீசுகின்றது. கருவிழியிற் பட்டுத் திரும்பும் ஒளிப்பொட்டையும் கண்மணியையும் படக்கருவி பதிவு செய்கின்றது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து, குழந்தை திரையின் எவ்விடத்தை நோக்குகின்றது என்பதைக் கணினி கணிக்கின்றது. சீனாவின் குவாங்சோ நகரக் கண் வைத்தியர்கள் 2023ஆம் ஆண்டில் இதனிலும் ஒரு படி முன்னே சென்றனர். கைத்தொலைபேசித் திரையில் சித்திரங்களை ஓடவிட்டு, அவற்றைப் பார்க்கும் குழந்தையின் முகத்தையும் நோக்கையும் அதே தொலைபேசியாற் பதிவு செய்து, பார்வைக் குறையைக் கண்டறியும் முறையை நான்கு வயதுக்குட்பட்ட 3,652 குழந்தைகளைக் கொண்டு பரிசோதித்து வெளியிட்டனர்.

இங்கே சிந்திக்கவேண்டிய ஒன்றுண்டு. இயந்திரம் மனிதத்தன்மையற்றது என்று கூறுவது நம்மவரிடையே வழக்கம். ஆனால் பேச இயலாத பிள்ளையைப் பேசு என்று வற்புறுத்தாத பண்பு இவ்வியந்திரத்திடம் இருக்கின்றது. இது எந்த ஊர், எந்தக் குடி, தகப்பன் கடலுக்குப் போகின்றவனா கடை முதலாளியா என்று அது கேட்பதில்லை. விடையளிக்காத பிள்ளையை மந்தமென்றும் அழைப்பதில்லை. இந்த அளவில் கணினியை வரவேற்பதே முற்போக்குச் சிந்தனையுடையோர் கடமை.

வரவேற்பு வேறு, வழிபாடு வேறு. கணினி அளப்பது எதனை என்பதை நிதானித்துப் பார்க்கவேண்டும்.

பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்ற பழைய கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதே பார்வைக்குக் காரணம் என நிறுவினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒளி கண்ணை அடைவது மட்டும் காட்சியாகிவிடாது. மனம் ஒப்பிட்டுத் துணிந்த பின்னரே பொருள் இன்னதெனத் தெரிகின்றது என்றும் விளக்கினார். இன்றைய வைத்தியம் இதனை வேறொரு வழியில் உறுதிப்படுத்துகின்றது. கண் நலமாக இருந்தும், மூளையிற் காட்சியைப் பகுத்தறியும் பகுதிகள் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உளர். தனியே வைத்த ஒரு பொருளை அவர்கள் இனங்காண்பர். சந்தைக் கூட்டத்தில் தாயின் முகத்தைத் தேடிக் காணார். இவர்களது கண்ணின் கூர்மையை அளக்கும் எண் நல்ல எண்ணாகவே இருக்கலாம். மறுபுறத்தில், கண்கள் ஓயாது ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையையோ, கண்ணை விரும்பிய திசையில் திருப்ப இயலாத பிள்ளையையோ நோக்கறி கருவி சரிவரத் தொடர மாட்டாது. அப்பிள்ளை பார்ப்பதை அது பார்க்கவில்லையென்று கூறிவிடவும் கூடும். பார்வையின் கூர்மை ஒன்று. பார்வையைக் கொண்டு வாழ்தல் வேறொன்று. முன்னையதைக் கருவி அளக்கும். பின்னையதை அறியப் பிள்ளையுடன் நாள்தோறும் இருப்போர் வேண்டும். தாயும் ஆசிரியரும் சொல்வதைக் கேளாத கணினியறை அரைக்கண்ணுடையது.

இன்னுமொன்று. எண் நிலையானதாகத் தோன்றுகின்றது, பார்வை நிலையானதன்று. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தினால் அது தேய்ந்துவிடும், ஆகவே அதனைச் சேமித்து வைக்கவேண்டும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மேலைநாட்டுப் பாடசாலைகளிலும் நிலவியது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நற்றலி பறாகா வெளியிட்ட ஆய்வு, பார்வை மிகக் குறைந்த பிள்ளைகளும் பயிற்சியினால் தமது பார்வையை மேலும் திறமையாகப் பயன்படுத்தக் கற்பர் என்று காட்டியது. நமது அயல்நாட்டிலும் சான்றுண்டு. பிறவியிலோ பிறந்த ஓராண்டுக்குள்ளோ கண்புரையினாற் பார்வையிழந்து, எட்டு முதல் பதினேழு ஆண்டுகள் இருளில் வாழ்ந்த வட இந்தியப் பிள்ளைகளுக்குப் 'பிரகாஷ்' என்னும் திட்டத்தில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. பவன் சின்ஹா தொடங்கிய திட்டம் அது. சிகிச்சைக்குப் பின் அப்பிள்ளைகள் மங்கலான வேறுபாடுகளை எவ்வளவு பிரித்தறிகின்றனர் என்பதைக் கைக்கணினித் திரையில் மாதக்கணக்கில் அளந்தனர். காலம் கடந்துவிட்டது, இனிக் கண் கற்காது என்று கருதப்பட்ட வயதிலும் பார்வை வளர்ந்ததை 2014இல் வெளியான அவ்வாய்வு அறிவித்தது. ஒரே முறை அளந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது ஒரு தீர்ப்பு. திரும்பத் திரும்ப அளந்ததாற் கிடைத்தது ஒரு வரலாறு. பிள்ளைகளுக்கு வேண்டியது வரலாறே.

இனி அளவைக் கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். 6/60 என்று ஒரு பிள்ளையின் அட்டையில் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். நலமான கண் அறுபது மீற்றரில் இனங்காணும் எழுத்தை இப்பிள்ளை ஆறு மீற்றரிலேதான் இனங்காணும் என்பது அதன் பொருள். அவ்வெழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். கடைசி வாங்கு கரும்பலகையிலிருந்து ஆறு மீற்றர் தூரத்தில் இருக்குமாயின், 9 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறைந்த எழுத்து அங்கிருக்கும் இப்பிள்ளைக்கு எழுத்தே அன்று. எந்த ஆசிரியரும் அவ்வளவு பெரிதாக எழுதுவதில்லை. அதே பிள்ளையை இரண்டு மீற்றருக்கு அழைத்து வாருங்கள். இப்போது 3 சென்ரிமீற்றர் எழுத்துப் போதும். இது பார்வையின் கடைசி எல்லை. இலகுவாக வாசிக்க இதனிலும் பெரிய எழுத்து வேண்டும். புள்ளியும் சுழியும் நிறைந்த தமிழுக்கு இன்னும் பெரிதாக வேண்டும். ஆயினும் கல்வி அப்பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கண்ணில் எதுவும் மாறவில்லை. மாறியது வாங்கு.

எண் இவ்வாறு வாங்காக, எழுத்தாக, வெளிச்சமாக, உருப்பெருக்கியாக, தேவைப்படுமிடத்துப் பிறெயில் நூலாக மாறவேண்டும். மாறாத எண் கோப்புக்குள் உறங்கும் காகிதம். மருதமுனைத் தறிகளில் இழைகளை எண்ணுவோர் இருக்கின்றனர். நெசவாளி இழையை எண்ணுவது துணியை நெய்வதற்கு. கழிவென்று எறிவதற்காக எவரும் இழையெண்ணி அமர்வதில்லை. பிள்ளையை அளப்பதற்கும் நியாயம் அதுவே.

கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு இதனை எண்களிலேயே காட்டுகின்றது. அந்நாட்டின் ட்ரான்ஸ் நசோயா பிரதேசத்தில் 50 பாடசாலைகளில், ஆசிரியர்களே பிள்ளைகளின் பார்வையைப் பரிசோதித்தனர். அதன் முடிவுகள் 2018இல் வெளியாயின. ஒரு பகுதிப் பாடசாலைகளில் வழமையான அட்டையும் வழமையான கடிதமும். மறுபகுதியில் 'பீக்' எனப்படும் கைத்தொலைபேசி முறை. பிள்ளையின் கண்ணுக்கு உலகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றது என்று பெற்றோருக்குக் காட்டும் படம். வைத்தியசாலைக்கு வருமாறு நினைவூட்டும் குறுஞ்செய்திகள். குறை கண்டறியப்பட்ட பிள்ளைகளில் முதற்பகுதியில் நூற்றுக்கு 22 பேரே வைத்தியசாலையை அடைந்தனர். இரண்டாம் பகுதியில் நூற்றுக்கு 54 பேர் அடைந்தனர். குறை இருக்கின்றது என்று அறிவிக்கும் வேலையை அட்டையும் செய்தது. பெற்றோரைப் பிள்ளையின் கண்ணால் ஒரு கணம் பார்க்கச் செய்ததும், அவர்களை மறவாது பின்தொடர்ந்ததுமே இரண்டாவது முறையின் சிறப்பு.

எனினும் அந்த 54ஐக் கொண்டாடுவோர் எஞ்சிய 46ஐ மறந்துவிடலாகாது. அளக்கப்பட்டும், படம் காட்டப்பட்டும், நினைவூட்டப்பட்டும் வராத பிள்ளைகள் அவர்கள். நமது கரையோரத்தில் இத்தகைய குடும்பத்தைக் கற்பனை செய்வது கடினமன்று. கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குச் செல்வதென்றால் தகப்பனுக்கு இரண்டு மூன்று நாட் கூலி இல்லை, பஸ் கட்டணம் இருவருக்கு, தங்க இடமில்லை, வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. இவ்வறுமையைக் கணினி அளப்பதில்லை. அளந்து சொன்னாலும் அதனை நீக்கும் ஆற்றல் அதற்கில்லை. விஞ்ஞானத்தின் எல்லை முடியுமிடத்தில் அரசியல் தொடங்குகின்றது.

இங்கே மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும்.

வறிய நாட்டுக்கு முதலில் சோறும் மூக்குக்கண்ணாடியும் வேண்டும், கணினி ஆடம்பரம் என்பது ஒன்று. கண்ணாடியாற் தீரும் குறையைக் கண்ணாடியாற் தீர்ப்பதே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்குக் கண்ணாடி போதும், யாருக்குப் போதாது என்று அறியவும் அளவு வேண்டுமன்றோ? ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டில் கண்தானச் சங்கத்தை நிறுவியபோது இந்நாடு செல்வந்த நாடாக இருக்கவில்லை. 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பியது தொடக்கம், இறந்தோரின் கருவிழிகளைப் பல தேசங்களுக்கு வழங்கிய தீவு இது. பிறர் கண்ணுக்கு ஒளியீந்த தீவில், சொந்தப் பிள்ளையின் பார்வையை அளக்க வசதியில்லை என்று கூறுவது பொருந்தாது.

அளவு முத்திரையாகிவிடும் என்பது இரண்டாவது. இது உண்மையான அச்சம். எண்ணைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் பாடசாலைக்கு, எண் கிடைத்ததே ஆயுதமாகிவிடும். ஆனால் முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டுவிட்டது. 'மந்தம்', 'குருடு' என்னும் முத்திரைகளுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. செம்மையாக அளந்த அளவு அந்த முத்திரைகளை அழிக்க உதவும். அதனைப் பிள்ளையை வெளியேற்றப் பயன்படுத்துவது சட்டத்துக்கும் முரண். வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. கன்னங்கரா காலத்தில் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கண் தெரிந்தோருக்கு மட்டும் இலவசம் என்று எங்கும் எழுதப்படவில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தைப் பெரும்பாலோர் எழுப்புவதில்லை, எழுப்பப்படவேண்டியது அதுவே. குழந்தையின் முகமும் நோக்கும் பதிவாகின்றன. அப்பதிவு யாருடையது? ஆயிரமாயிரம் குழந்தைகளின் முகங்களிலிருந்தே கணினி கற்கின்றது. கற்றதைப் பின்னர் நிறுவனங்கள் விலைக்கு விற்க முடியும். ஏழைப் பிள்ளையின் கண்ணிலிருந்து எடுத்த அறிவு செல்வந்தரின் உடைமையாகி, அதே ஏழைக்கு விலைப்பண்டமாகத் திரும்பி வரலாகாது. நெற்கதிர் உழவனுக்கே என்று வாதாடியோர் இந்தப் புதிய விளைச்சலைப் பற்றியும் பேசவேண்டும். பெற்றோர் புரிந்துகொண்டு அளிக்கும் சம்மதமும், பதிவை அழிக்கக் கோரும் உரிமையும், பொதுநிதியால் உருவான கருவி பொதுச்சொத்தாக இருத்தலும் நமது கோரிக்கைகளாகவேண்டும்.

அறிதல் கடமையைப் பிறப்பிக்கின்றதா என்று கேட்டோம். நமது மரபுகள் இரண்டும் இதற்கு விடை வைத்திருக்கின்றன.

திருக்குர்ஆனின் எண்பதாம் அத்தியாயம் 'அபஸ' என்பது. முகம் சுளித்தார் என்பது அச்சொல்லின் பொருள். குறைஷித் தலைவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) உரையாடிக்கொண்டிருந்த வேளையில், அறிவு நாடி வந்த கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூமைப் பொருட்படுத்தாமை குறித்து அவ்வசனங்கள் அருளப்பட்டன என்பது விரிவுரையாளர் கூற்று. செல்வாக்குள்ளோர் முன்னே இருக்க, கற்க வந்த பார்வையற்றவர் காத்திருக்கலாகாது என்பதே அங்கு கிடைக்கும் நீதி. பின்னர் அத்தோழர் பாங்கொலிப்பவராக விளங்கினார். நபிகளார் வெளியே சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பரிவுக்குரியவராக அன்றிப் பொறுப்புக்குரியவராக அவர் மதிக்கப்பட்டார்.

வள்ளுவரோ 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். இன்று நாம் கருத்துநிலை என்ற பொருளில் வழங்கும் அச்சொல், அவரிடத்தில் பிறர்மீது கண் சென்று தங்கும் இரக்கத்தைக் குறித்தது. அவ்வதிகாரத்தை அவர் இல்லறத்தின்கண்ணோ துறவறத்தின்கண்ணோ வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில், ஆள்வோர்க்குரிய பண்பாக வைத்தார். கண்ணோட்டம் தனிமனிதர் இடும் தருமம் மட்டும் அன்று. ஆட்சி செலுத்தவேண்டிய கடன்.

ஆகவே விடை தெளிவானது. அளத்தல் ஒரு வாக்குறுதி. பிள்ளையின் கண்ணெதிரே திரையை வைக்கும் கணத்தில், உனக்குத் தெரிவது எதுவோ அதற்கேற்ப எமது பாடசாலையை மாற்றுவோம் என்று சமுதாயம் வாக்களிக்கின்றது. பரிசோதனை நடக்கும் கல்வி வலயத்திலேயே அதனைத் தொடரும் சிகிச்சையும், பயண உதவியும், பெரிய எழுத்து நூலும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருக்கவேண்டும் என்று ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புக்களும் ஒரே குரலிற் கேட்கவேண்டும். அதற்கான ஏற்பாடு எதுவுமின்றிப் புகைப்படத்துக்காகக் கருவியைத் திறந்துவைக்கும் வைபவங்களை மறுக்கவும் வேண்டும்.

அறியாமை இதுவரை ஒரு சாட்டாக இருந்தது. பிள்ளைக்குத் தெரியவில்லை என்பது எமக்குத் தெரியவில்லை என்று பாடசாலையும் அரசும் கூறி வந்தன. அந்தச் சாட்டைக் கணினி பறித்துக்கொண்டுவிட்டது. இனி, தெரிந்தும் பாராதிருப்போரின் பார்வையை அளப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கடைசி வாங்கில் யார் இருக்கின்றார் என்று பார்த்தாலே போதும்.